நோஞ்சான் பிள்ளை கண்ட உண்மை

தாழ்வு மனப்பான்மை என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, அந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியவர் யார் தெரியுமா? ஆல்பிரட் அட்லர் எனும் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர். வியன்னாவை அடுத்த புறநகர் ஒன்றில், தானிய வியாபாரி வீட்டில் 1870-ல் பிறந்தவர்.

பிறவி நோஞ்சான்! எலும்பு வலுவிழக்கும் நோய். அண்ணன் துள்ளி விளையாட, கட்டுகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக் கிடந்தான் சிறுவன். நான்கு வயதில், பக்கத்துப் படுக்கையிலிருந்த தம்பி ஒரு காலையில் பிணமாய்க் கிடக்கக் கண்டான். பிறகு அவனுக்கே நிமோனியா. பையன் பிழைக்கமாட்டான் என்று வைத்தியர் தந்தையிடம் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. பிழைத்தான். மருத்துவனாகியே தீருவது என்று அன்றே முடிவு கட்டினான்.

பள்ளியில் கணக்கு வரவில்லை. பையனைச் செருப்புத் தைக்கும் தொழிலில் சேர்த்துவிடுமாறு ஆசிரியர் யோசனை சொன்னார். (செருப்புத் தைப்பவர் எந்த வகையில் மட்டம் என்று அவரை யாரும் கேட்கவில்லை போலும்!) தந்தை மறுத்தார். பின்னர் அதே பையன் கணக்கில் முன்னணிக்கு வந்தான்.

1895-ல் மருத்துவப் பட்டம். வியன்னாவின் பிராட்டர் கேளிக்கைப் பூங்கா அருகே வைத்தியம் பார்த்தார். வந்தவர்களில் சர்க்கஸ்காரர்களும் உண்டு. இரும்பு உடம்புக்காரர்களான அவர்களில் சிலர், இளமையில் தம்மைப்போலவே நோஞ்சானாக இருந்தவர்கள் என்பதைக் கண்டார். குறையை ஈடுகட்டத் துடிக்கும் துடிப்பே மனிதனை உருவாக்குகிறது என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது.

ஆனால் அவர் எழுதிய முதல் நூல் மனத்தைப் பற்றியதல்ல, தையல் தொழிலாளரைப் பற்றியது! 1898-ல் வந்த அச்சிறு நூலில், அவர்களுடைய கூன்முதுகுக்கும் கெட்டுப்போன நுரையீரலுக்கும் காரணம் காற்றோட்டமற்ற பட்டறையும் ஓயாத வேலையுமே என்று காட்டினார். தொழிலாளியின் நோய்க்குத் தலைவிதியைக் காரணம் சொல்லாத மருத்துவர்!

1902-ல் சிக்மண்ட் பிராய்டின் வட்டத்தில் சேர்ந்தார். குழந்தைப் பருவமே மனிதனை வார்க்கிறது என்பதில் இருவருக்கும் பேதமில்லை. வார்ப்பது எது என்பதில்தான் மோதல். அடக்கப்பட்ட பாலுணர்ச்சியே ஆணிவேர் என்றார் பிராய்டு. சிறுமைப்பட்ட உணர்வும், அதை மீறி எழும் முயற்சியும், பிறரோடு ஒட்டி வாழும் உணர்வுமே பெரிது என்றார் அட்லர். 1911-ல் பிரிந்தார். பிராய்டின் மேதைமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் பட்டறைக்காரன் பிள்ளையைப் புரிந்துகொள்ள அட்லரின் பாதையே நமக்கு அருகில் இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின், தொழிலாளர் கட்சி ஆண்ட வியன்னாவில் குழந்தைகளுக்கான ஆலோசனை நிலையங்களைத் தொடங்கினார். உருப்படாதவன் என்று தள்ளப்பட்ட பிள்ளைகள் அங்கே வந்தனர். பிள்ளையை மட்டுமா விசாரித்தார்? பெற்றோரையும் ஆசிரியரையும் எதிரே உட்காரவைத்தார்! அடியும் ஏச்சும் பிள்ளையை முடமாக்கும், அளவு மீறிய செல்லமும் அப்படியே என்றார்.

1934-ல் சர்வாதிகார அரசு தொழிலாளர் குடியிருப்புகளைப் பீரங்கியால் தாக்கியது. ஆலோசனை நிலையங்களும் மூடப்பட்டன. அட்லர் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. மாஸ்கோவிலிருந்த மூத்த மகள் வாலன்டைன் 1937-ல் கைதானாள். பெற்ற மகளைப் பற்றித் தகவலே இல்லை. அந்த வேதனையோடு, சொற்பொழிவுக்காக ஸ்காட்லாந்து சென்றிருந்த அட்லர், மே 28-ல் அபர்டீன் நகர வீதியில் நடந்துசெல்கையில் விழுந்து இறந்தார். மகள் சிறைமுகாமில் மாண்ட செய்தி பல ஆண்டு கழித்தே குடும்பத்துக்கு எட்டியது.

எடின்பரோ தகனச்சாலையில் கேட்பாரற்றுக் கிடந்த அட்லரின் சாம்பல் 2011-ல்தான் வியன்னா வந்து சேர்ந்தது.