பனியில் வழி கண்ட பட்டறைக்காரர்

நம் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடியற்காலையில் வாசலில் கோலமிடுவோரின் தலையை நனைக்கும்; வெயில் ஏறியதும் மறைந்துவிடும். அந்தப் பனியையே அறிந்த நமக்கு, மாதக்கணக்கில் வயலையும் வழியையும் ஒன்றாக மூடிவிடும் பனியை நினைத்துப் பார்ப்பதும் கடினம். அத்தகைய பனியின் நடுவே பிறந்து, அதன்மேல் ஓடும் வண்டியைச் செய்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே சொல்லப் புகுகிறேன். அவர் பெயர் ஜோசப்-அர்மாண் பொம்பார்டியே. ஆங்கிலம் பேசுவோர் பம்பார்டியர் என்பர்.

தில்லி மெட்ரோவில் ஏறி இறங்கியவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. அதன் ரயில் பெட்டிகளில் பல, இப்பெயர் தாங்கிய நிறுவனம் குஜராத்தில் சாவ்லி என்னும் ஊரில் கட்டியவை. 2021இல் அந்த ரயில் தொழில் ஆல்ஸ்தோம் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. ஆயினும் அப்பெருந்தொழிலின் வேர் ஒரு சிற்றூரின் மோட்டார் பட்டறையில் இருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்பது அச்சிற்றூர். அங்கே 1907ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பொம்பார்டியே பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் அவரே மூத்தவர். மகன் பாதிரியாராக வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அதற்காக ஷெர்புரூக் நகரிலுள்ள சமயக் கல்லூரியில் சேர்த்தார்கள். மகனின் மனமோ இயந்திரங்களைச் சுற்றியே வட்டமிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் பார்ப்பான். கழற்றியதைத் திரும்பப் பூட்டியும் விடுவான். கடைசியில் தகப்பனார் ஒரு பழைய ஃபோர்டு காரின் எஞ்சினை அவனிடமே கொடுத்துவிட்டார்.

பழைய இரும்பு என்று பிறர் தள்ளியதில் புதுப் பொருளைக் காணும் கண் அவனுக்கு வாய்த்திருந்தது. எஞ்சினைப் பழுது பார்த்து, மரச் சறுக்குவண்டியின்மேல் ஏற்றி, பின்புறம் ஆகாயவிமானத்திற்கு இருப்பதுபோல் ஒரு விசிறியைப் பொருத்தினான். 1922ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அந்த விசித்திர வண்டி வால்கோர் தெருவில் பேரிரைச்சலோடு ஓடியது. தம்பி லெயோபோல் முன்னே அமர்ந்து திசை திருப்பினான். பார்த்தவர்கள் வியந்தார்கள், தகப்பனாரோ நடுங்கினார். மறைப்பில்லாமல் சுழலும் அந்த விசிறி யார் கையையாவது, தலையையாவது வெட்டிவிட்டால் என்ன ஆவது? உடனே கழற்றிப் போடச் சொன்னார். பதினைந்து வயதுப் பையன் சொன்னபடி கழற்றினான். ஆனால் எண்ணத்தைக் கழற்றிப் போடவில்லை.

சமயக் கல்லூரியை விட்டு மோட்டார் பட்டறைகளில் தொழில் பழகினார். பகலில் வேலை, இரவில் படிப்பு. 1926இல், பத்தொன்பதாம் வயதில், ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகப் பட்டறை திறந்தார். கார் வரும், லாரி வரும், குடியானவரின் பண்ணைக் கருவிகளும் வரும். எது வந்தாலும் பழுது பார்த்து அனுப்புவார். வேண்டிய கருவி கிடைக்காவிட்டால் தாமே செய்துகொள்வார். 1929இல் இவோன் லபிரெக் என்னும் பெண்ணை மணந்தார்.

பட்டறைக்குக் கோடையில் வேலை மிகுதி. குளிர்காலம் வந்தாலோ ஊர் முழுவதும் காரை மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைத்துவிட்டுக் குதிரைவண்டிக்குத் திரும்பிவிடும். அந்த ஓய்வு மாதங்களில் அவர் பனிவண்டி முயற்சியைத் தொடர்ந்தார். ஒன்றைச் செய்வார், ஓட்டுவார், அது பனியில் புதையும். கழற்றுவார், மறுபடியும் செய்வார். வண்டியின் பாரம் ஓரிடத்தில் அழுந்தினால் பனி அதை விழுங்கிவிடும். பாரத்தைப் பரப்பவும் வேண்டும், பனியைப் பற்றி உந்தவும் வேண்டும். இதுதான் அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த கணக்கு.

1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அக்கணக்கு உயிர்க்கணக்காக மாறியது. இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் நோய் கண்டு வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை ஷெர்புரூக்கில் இருந்தது. தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வழியெங்கும் பனி மூடிக் கிடந்தது. பட்டறையில் ஓடும் நிலையில் பனிவண்டி ஒன்றும் இல்லை. ஊரார் வண்டிகளையெல்லாம் ஓட வைத்த கைகள், தம் குழந்தையைக் கொண்டுபோக ஒரு வண்டியின்றி வெறுங்கைகளாக நின்றன. குழந்தை இறந்துவிட்டது.

இந்தத் துயரத்தில் மனம் ஒடிந்து உட்கார்ந்திருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் பட்டறைக்குத் திரும்பினார். 1935இல் விடை கிடைத்தது. ரப்பர் போர்த்த பற்சக்கரம் ஒன்று சுழன்று, அகன்ற பட்டையை இழுக்க வேண்டும். பின்னே இந்தப் பட்டைகள், முன்னே திசை திருப்பச் சறுக்குக் கட்டைகள். 1937இல் காப்புரிமை கிடைத்தது. எழுவர் அமரும் பி-7 என்னும் வண்டி பிறந்தது. அதை முதலில் வாங்கியவர்களுள் நாட்டுப்புற மருத்துவர்கள் பலர். தம் குழந்தைக்கு எட்டாத உதவி பிறர் குழந்தைகளுக்கு எட்டியது!

1942இல் நிறுவனம் முறைப்படி பதிவாயிற்று. பன்னிருவர் அமரும் பி-12 வந்தது. 1948இல் கியூபெக் அரசு குளிர்காலத்திலும் நாட்டுப்புறச் சாலைகளில் பனியை அகற்றத் தொடங்கவே, பெரிய பனிவண்டிகளின் விற்பனை சரிந்தது. ஊருக்கு நன்மை, தொழிலுக்கு அடி. அவர் கலங்காமல் அதே பட்டையை வைத்துச் சதுப்பு நிலத்தில் செல்லும் மஸ்கெக் என்னும் டிராக்டரை 1953இல் செய்தார்.

சிறுவயதுக் கனவோ ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சின்ன வண்டி. எடை குறைந்த எஞ்சின்கள் கிடைக்கத் தொடங்கியதும், மகன் ஜெர்மேன் ஒட்டில்லாத ஒரே ரப்பர்ப் பட்டையை உருவாக்கியதும், அக்கனவு கைகூடியது. 1959இல் ஸ்கி-டூ வெளிவந்தது. தொடக்க வண்டிகளுள் ஒன்று ஒண்டாரியோவின் வடபகுதியில் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்னுமிடத்தில் தொண்டாற்றிய மொரீஸ் உய்மே என்னும் பாதிரியாருக்குச் சென்றது. முதல் பருவத்தில் விற்றவை 225 வண்டிகளே. பின்னாளில் அது உலகின் குளிர்நாடுகளெங்கும் பரவியது.

இங்கே நண்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய வடபுலத்தில் வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கை எங்கே தேடுவது? ஓட்டுபவனே மெக்கானிக்காக இருந்தாக வேண்டும். ஆகவேதான் இன்றும் அந்நாடுகளில் பழைய பனிவண்டியை வாங்குபவர், அதைத் தாமே பேணக் கற்றுக்கொள்கிறார். நம் வீடுகளில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த வேலைகள் பெரும்பாலும் விளங்கும்.

எஞ்சினை நிறுத்தி வைத்துக் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தால், கை உணரும் எதிர்ப்பே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும். தளர்வாக வந்தால் உள்ளே தேய்மானம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் நிறம் பேசும்: இளம்பழுப்பு நலம், கரி படிந்த கறுப்பானால் பெட்ரோல் மிகை, வெளுத்திருந்தால் காற்று மிகுந்து சூடு ஏறுகிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும். கோடை முழுவதும் கார்ப்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் பிசினாகித் துளைகளை அடைக்கும். ஆதலால் பருவம் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். எஞ்சினின் வலுவைக் கடத்தும் பெல்ட் தேய்ந்து அறுபடக் கூடியது. மாற்று பெல்ட் ஒன்று வண்டியில் எப்போதும் இருக்க வேண்டும். பின்புறத்தைத் தாங்கியில் உயர்த்திப் பட்டையின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும்: தளர்ந்தால் பல் நழுவும், இறுகினால் பேரிங் தேயும். பட்டை சுழலும்போது அதன் பின்னால் மட்டும் நிற்கலாகாது. அன்று தகப்பனார் விசிறியைக் கண்டு நடுங்கியது வீணன்று!

இவை எளிய வேலைகள்தாம். ஆனால் ஊரிலிருந்து பல கல் தொலைவில், இருட்டும் குளிரும் சூழும் நேரத்தில், வீடு திரும்புவதும் திரும்பாததும் இவற்றைப் பொறுத்தே அமையும்.

1964ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், புற்றுநோயால், 56ஆம் வயதில் பொம்பார்டியே மறைந்தார். பனிவண்டித் தொழில் 2003இல் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து தனியாக நடக்கிறது. அவருடைய பழைய பட்டறை வால்கோரில் அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது.

நண்பர்களே, நாம் ஏட்டில் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், விடுதியில் மின்விசிறி நின்றால் ஆள் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். கையில் எண்ணெய்க்கறை படிவதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பொம்பார்டியே பெரிய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தவர் அல்லர். பிறருடைய பழைய வண்டிகளைப் பழுது பார்த்துப் பார்த்தே, புதிய வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று கண்டவர். பழுது பார்க்கும் கைக்குத்தான் பொருளின் குறை தெரிகிறது. குறை தெரிந்த கைக்குத்தான் புதியதைப் படைக்கும் வழியும் தெரிகிறது. இந்த விடுமுறையில் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய ஸ்கூட்டரையோ, தாத்தாவின் சைக்கிளையோ ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். முதல்முறை ஓரிரண்டு மறைகள் மிஞ்சத்தான் செய்யும், கவலை வேண்டாம். அவை எங்கே சேரவேண்டும் என்று தேடத் தொடங்கும்போதுதான் உண்மையான படிப்பும் தொடங்குகிறது.