ராஸ் கிரான்வில் ஹாரிசன்

ராஸ் கிரான்வில் ஹாரிசன் (ஜனவரி 13, 1870 – செப்டம்பர் 30, 1959) அமெரிக்க விலங்கியலாளரும் உடற்கூற்றியலாளரும் ஆவார். கருவின் திசுவைச் சிதையாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடியின் மேல் இட்டு உயிருடன் வளரச் செய்ததன் மூலம், நரம்பிழை எவ்வாறு தோன்றுகிறது என்ற நெடுநாளைய வினாவுக்கு விடை கண்டவர். திசு வளர்ப்பு முறையின் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஹாரிசன் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜெர்மன்டவுனில் பிறந்து, பால்டிமோர் நகரில் வளர்ந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1889 இல் இளங்கலைப் பட்டமும் 1894 இல் முனைவர் பட்டமும் பெற்றார். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பயின்று 1899 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1896 இல் இடா லாங்கே என்னும் ஜெர்மானியப் பெண்ணை மணந்தார். இவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர்.

நரம்பிழை பற்றிய வினா

நரம்பிழை எதிலிருந்து உருவாகிறது என்பதில் அக்காலத்தில் மூன்று கருத்துகள் நிலவின. ஒரே நரம்பணுவிலிருந்து இழை நீண்டு வளர்கிறது என்று வில்ஹெல்ம் ஹிஸ், ரமோன் இ கஹால் ஆகியோர் கூறினர். அணுக்களுக்கிடையே முன்பே அமைந்துள்ள பாலங்களே நரம்பிழைகளாக மாறுகின்றன என்பது ஹென்சனின் கருத்து. இழையைச் சூழ்ந்துள்ள உறையணுக்கள் சங்கிலிபோல் இணைந்து அதனை உருவாக்குகின்றன என்று வேறு சிலர் கருதினர்.

உறையணுக்கள் இல்லாத நிலையிலும் நரம்பிழை வளர்வதை, தவளைக் கருக்களில் செய்த அறுவைகளால் ஹாரிசன் 1904 அளவில் காட்டினார். எனினும் பாலக் கொள்கை வீழவில்லை. சாயமேற்றிய மெல்லிய சீவல்களில் காணப்படுவது இறந்த திசுவே. அதே படத்தை இரு தரப்பினரும் தத்தமக்குச் சான்றாகக் காட்ட முடிந்தது. வேறு அணுக்களோ பாலங்களோ இல்லாத இடத்துக்கு நரம்புத் திசுவை மாற்றி, அது உயிருடன் இருக்கும்போதே பார்ப்பதுதான் எஞ்சிய வழியாக இருந்தது.

தொங்கு துளி முறை

ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ள தவளைக் கருவை ஹாரிசன் தேர்ந்தெடுத்தார். அப்பருவத்தில் நரம்பிழைகள் இன்னும் தோன்றியிருப்பதில்லை. நரம்புக் குழலின் சிறு துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, நுண்ணிய உறிஞ்சுகுழாயால் மெல்லிய மூடுகண்ணாடிக்கு மாற்றினார். அக்கண்ணாடியின்மேல், வளர்ந்த தவளையின் நிணநீர்ப் பையிலிருந்து அப்போதே எடுத்த ஒரு துளி நிணநீர் இருந்தது. நிணநீர் விரைவில் உறைந்து, திசுவை நசுக்காமல் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டது. பின்னர் அக்கண்ணாடியைக் குழிவுடைய கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து, ஓரங்களைப் பாரஃபின் மெழுகால் அடைத்தார். துளி குழிவினுள் தொங்கியபடி இருந்ததால், உலராத திசுவை நுண்ணோக்கியால் காண முடிந்தது.

அணுவிலிருந்து இழை ஒன்று புறப்பட்டு, வெறும் நிணநீர் உறைவினுள் நீண்டது. அதன் முனை அமீபாவைப் போல் அசைந்து முன்னேறியது. ஓர் இழை 25 நிமிடங்களில் ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர் வளர்ந்தது. இம்முனையையே கஹால் 1890 இல் சாயமேற்றிய திசுவில் கண்டு வளர்ச்சிக் கூம்பு எனப் பெயரிட்டிருந்தார். 1907 இல் முதல் அறிக்கையும் 1910 இல் விரிவான கட்டுரையும் வெளிவந்தன.

யேல் பல்கலைக்கழகத்தில்

1907 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த ஹாரிசன், 1938 வரை அங்குப் பணியாற்றினார். அணுக்களின் அசைவுக்குத் திண்மப் பரப்பு தேவையா என்பதைச் சிலந்தி நூலைக் கொண்டு ஆராய்ந்தார். கருவின் அணுக்கள் அந்நூலைப் பற்றி நகர்வதை 1914 இல் வெளியிட்டார். பின்னர் சாலமாண்டர் கருவில் கால் அரும்புகளை இடம் மாற்றியும் திருப்பியும் ஒட்டி, உறுப்பின் இட வலத் தன்மை எப்போது உறுதியாகிறது என ஆராய்ந்தார்.

நோபல் பரிசு

1917 இல் நோபல் குழு இவரது பெயரைப் பரிந்துரைத்தது. போர்க்காலமாகிய அவ்வாண்டில் மருத்துவப் பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. 1933 இல் இவர் பெயர் மீண்டும் ஆராயப்பட்டபோதும் பரிசு கிட்டவில்லை. அவ்வாண்டு தாமஸ் ஹண்ட் மோர்கன் பரிசு பெற்றார்.

தாக்கம்

ஹாரிசனுக்கு நரம்பு பற்றிய வினாவே முதன்மையானது. அதற்கு விடை கிடைத்தபின் திசு வளர்ப்பை வளர்த்தெடுத்தவர்கள் பிறரே. 1910 இல் மான்ட்ரோஸ் பரோஸ் இம்முறையை இவரிடம் கற்று, நிணநீருக்குப் பதிலாகக் குருதி நீர்மத்தைப் பயன்படுத்தினார். அலெக்சிஸ் கேரல் அதனைப் பரப்பினார். 1949 இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகியோர் போலியோ நச்சுயிரியைத் திசு வளர்ப்பில் பெருக்கினர். அதுவே போலியோ தடுப்பூசிக்கு வழி வகுத்தது. அம்மூவரும் 1954 இல் நோபல் பரிசு பெற்றனர். ஹாரிசன் 1959 இல் நியூ ஹேவன் நகரில் காலமானார்.