பகுத்தறிவுக் கவிராயர் உடுமலை நாராயணகவி

கோவையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் சிங்காநல்லூர்ப் பகுதியைக் கடப்போருள் பலர், அங்கே ஒரு காலத்தில் தமிழகத்தின் பாட்டுத் தொழிற்சாலை ஒன்று இயங்கியதை அறிந்திரார். பஞ்சாலைச் சங்கொலிக்கு நடுவே சென்ட்ரல் ஸ்டூடியோவின் கூடங்களில் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலித்த காலம் அது. ஜூபிடர் நிறுவனத்தார் அங்கு எடுத்த ராஜகுமாரி என்ற படம் 1947-இல் வெளிவந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகக் கதைத் தலைவனாக நடித்த படம் என்பதால் அதனைப் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அதற்குப் பாடல் புனைந்தவர், கொங்கு மண்ணின் ஒரு சிற்றூரில் தீப்பெட்டி சுமந்து விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கிய உடுமலை நாராயணகவி என்பதை நினைப்பவர் சிலரே.

உடுமலைப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த பூளைவாடி என்னும் ஊரில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நாராயணசாமி. தந்தையார் கிருஷ்ணசாமி, தாயார் முத்தம்மாள். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தமையனார் வளர்த்தார். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. வறுமை அவரைத் தெருவுக்கு அனுப்பியது. சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கெல்லாம் நடந்து சென்று தீப்பெட்டி விற்றுச் சில காசுகள் ஈட்டினார்.

ஏட்டுக் கல்வி நின்றதே தவிர, கேள்விக் கல்வி நிற்கவில்லை. கொங்கு நாட்டுக் கோயில் நோன்புகளில் விடிய விடிய உடுக்கடித்துப் பாடப்படும் அண்ணமார் கதை, ஒயிற்கும்மி, தம்பட்டத்தின் அதிர்வு, கவலையேற்றி நீரிறைப்போர் மாடுகளின் நடைக்கேற்ப நீட்டிப் பாடும் பாட்டு, நாற்று நடும் பெண்களின் குலவை ஆகியவையே அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம். யாப்பிலக்கணம் இன்னதென்று அறியுமுன்பே சந்தம் அவர் செவியில் குடியேறிவிட்டது. பிற்காலத்தில் அவர் எழுதிய பாடல்களில், சொல் தாளத்தின்மேல் ஏறி அமர்ந்து கொண்டு அலுங்காமல் செல்வதற்குக் காரணம் இந்த இளமைப் பயிற்சியே எனலாம்.

இச்சிறுவனின் ஆற்றலைக் கண்டுகொண்டவர் உடுமலைச் சரபம் முத்துசாமிக் கவிராயர். நாடகக் குழு நடத்திய அப்பெரும்புலவர் இவரைத் தம் மாணவராக ஏற்றார். இலக்கணமும் இசையும் நடிப்பும் குருகுல முறையில் கிடைத்தன. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்தளித்த நாடக மரபு தமிழகமெங்கும் செழித்திருந்த காலம் அது. ஒலிபெருக்கி இல்லாத மேடையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்கும்படி பாட வேண்டும். விளங்காத பாட்டுக்கு அவன் எழுந்து போய்விடுவான். எளிமை என்பது அங்கே அழகுக்காகக் கொண்ட கொள்கையன்று. பிழைப்புக்கு வேண்டிய கட்டாயம். அந்தக் கட்டாயத்தையே நாராயணகவி தம் கலையின் முதுகெலும்பாக்கிக் கொண்டார்.

தொடக்கத்தில் அவர் எழுதியவை பெரும்பாலும் பக்திப் பாடல்கள். பின்னர் காந்தியடிகளின் இயக்கம் நாட்டைத் தழுவியபோது, நாடக மேடை விடுதலை மேடையாயிற்று. புராண நாடகத்தின் இடையே தேசியப் பாட்டைச் செருகிப் பாடுவது அன்றைய கலைஞர்களின் வழக்கம். அதற்காகச் சிறை சென்றோரும் உண்டு. நாராயணகவியும் நாட்டுப்பற்றுப் பாடல்களை எழுதி மேடைதோறும் முழங்கினார். ஊரில் கதர்க்கடையும் வைத்து நடத்தினார். கடை நிலைக்கவில்லை, கடன் மிஞ்சியது. அவரைப் போன்ற எத்தனையோ தொண்டர்களுக்குத் தேசபக்தி தந்த பரிசு அதுதான்.

அந்தக் கொங்கு மண்டலத்திலேயே வேறொரு குரலும் எழுந்திருந்தது. ஈரோட்டிலிருந்து 1925-இல் குடி அரசு ஏட்டைத் தொடங்கிய பெரியார், விடுதலை என்பது வெள்ளையன் வெளியேறுவதோடு முடிவதா என்று கேட்டுக் கொண்டிருந்தார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1924-இல் போராட வேண்டியிருந்த நாடு இது. ஒரே ஊரில் இரண்டு கிணறு, ஒரே தேநீர்க் கடையில் இரண்டு குவளை, கோயில் வாயிலில் ஓர் எல்லைக்கோடு என்பதே அன்றைய நடைமுறை. நாராயணகவி இந்தக் கேள்விகளுக்குச் செவி கொடுத்தார். பக்திப் பாடலாசிரியர் படிப்படியாகச் சீர்திருத்தப் பாடலாசிரியர் ஆனார். பகுத்தறிவுக் கவிராயர் என்ற பெயர் அவரோடு ஒட்டிக் கொண்டது. ஆயினும் திருக்குறளை அவர் கைவிடவில்லை. குறட்கருத்துகளைப் பாமரர் நாவில் ஏற்றியவருள் அவருக்குத் தனியிடம் உண்டு.

திரைப்படம் பேசத் தொடங்கியதும் நாடகக் கலைஞர் பலர் அதன்பால் ஈர்க்கப்பட்டனர். நாராயணகவியும் சென்னை சென்றார். அன்றைய திரைப் பாடல்கள் பெரும்பாலும் கருநாடக இசைக் கீர்த்தனைகளின் சாயலில், வடசொற்கள் மிகுந்து விளங்கின. அந்த அரங்கிற்குள் நாட்டுப்புற மெட்டுகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர்களுள் முன்னணியில் நிற்பவர் அவர். தெம்மாங்கும் கும்மியும் ஒலித்தட்டில் ஏறின. களத்துமேட்டில் பாடியவனுக்குத் தன் பாட்டே நகரத்திலிருந்து திரும்பி வந்தது.

அவர் வாழ்வின் பெரும்பேறு கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் நட்பு. சிரிக்க வைத்துக் கொண்டே சிந்தனையைத் திணித்துவிடும் ஒருவருக்கு, பாடிக்கொண்டே கேள்வி கேட்கும் ஒருவர் துணையானார். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கிச் சிறை வாழ்வை நுகர்ந்த கலைவாணர் 1947-இல் விடுதலையானார். 1949-இல் வெளிவந்த நல்லதம்பி, அவருடைய சொந்த நிறுவனத்தின் படைப்பு. அறிஞர் அண்ணா கதை உரையாடல் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்க, சி. ஆர். சுப்பராமன் இசையமைத்த அப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபமே நாராயணகவியின் மகுடம்.

கிந்தனாரின் பெருமையை உணர நந்தனாரை நினைக்க வேண்டும். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாரின் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரமாக விரித்தார். பண்ணையார் வேதியரிடம் விடை கேட்டு ஏங்கி நிற்கும் அடிமை நந்தன் அவருடைய படைப்பு. தில்லைக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் கேட்டோர் நெஞ்சைக் கரைத்தது. மேடையிலும் திரையிலும் நந்தன் கதை திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் அந்தக் கதையின் முடிவில் நந்தன் தீயில் இறங்கித்தான் உள்ளே போகிறான். பிறந்த உடலோடு அவனுக்கு வாயில் திறப்பதில்லை. இசையில் உருகிய சபையோர் கண்களைத் துடைத்துக் கொண்டு வீடு திரும்பினர். அவர்கள் ஊர் வாயில்கள் மூடியே கிடந்தன.

நாராயணகவி அந்தக் காலட்சேப வடிவத்தை அப்படியே எடுத்துக் கொண்டார். பாகவதர், பின்பாட்டு, சிப்ளாக்கட்டை, இடையிடையே விளக்கம் எல்லாம் உண்டு. மாறியது நாயகன் போக விரும்பிய இடம் ஒன்றே. ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தன் தில்லைக்குப் போக ஏங்கவில்லை; பட்டணத்துக்குப் போய்ப் படிக்க ஏங்குகிறான். அவனை ஏற்றிச் செல்வது புகைவண்டி. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவனிடம் குலம் கேளாத வண்டி அது. கிந்தன் தீயில் குளிப்பதில்லை. படித்துத் தேறி உயர்கிறான். கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்தபின்தான் எதைக் கண்டு சிரித்தோம் என்ற நினைவு வந்தது.

இப்படைப்பு பிறந்த காலத்தையும் மறக்கலாகாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939-இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். கோயில் கதவு திறந்த பின் அடுத்த கதவு எது என்ற வினா எழுந்தது. பள்ளிக்கூடக் கதவு என்று கிந்தனார் விடை கூறியது. கல்லூரிகளில் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை நீதிமன்றத்தில் வீழ்ந்து, அதன் விளைவாக 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிறந்ததை எண்ணும்போது, அந்தக் காலட்சேபம் எத்துணை முன்னறிவோடு பேசியது என்பது விளங்கும்.

கடல் கடந்த அமெரிக்க நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அங்குக் கறுப்பின மக்கள் 1950, 60-களில் உரிமைக்காகத் தெருவில் இறங்கியபோது, தேவாலயங்களில் பாடி வந்த துதிப்பாடல்களையே சொல் மாற்றிப் போராட்டப் பாடல்களாக்கிக் கொண்டனர். மறுமையில் கிட்டும் என்றிருந்த விடுதலை, அந்த மாற்றத்தால் இம்மைக்கு உரியதாயிற்று. ஒருவரையொருவர் அறியாத இரு மண்ணில் பாட்டு ஒரே வேலையைச் செய்தது. மக்கள் மனத்தில் முன்பே குடியிருக்கும் மெட்டு, புதிய கருத்தைச் சந்தேகமின்றி உள்ளே அழைத்துக் கொள்கிறது.

அதே 1949-இல் அண்ணாவின் வேலைக்காரி படமும் நாராயணகவியின் பாடல்களோடு வெளிவந்தது. செல்வர் செருக்கையும் போலிச் சாமியார்களையும் சாடிய அப்படம் பெரும் வெற்றியையும் கடும் எதிர்ப்பையும் ஒருங்கே பெற்றது. 1952-இல் பராசக்தி வந்தது. கிடைத்த சோற்றைக் கூவியழைத்துப் பகிர்ந்துண்ணும் காக்கையைக் காட்டி, பதுக்கி வைக்கும் மனிதனை நாணச் செய்த பாடல் அவருடையது. காக்கைக்குச் சோறு வைக்காத வீடு தமிழகத்தில் இல்லை. அன்றாடம் கண்ட காட்சியிலிருந்தே அவர் சமத்துவத்தை எடுத்துக் காட்டினார். புரட்சிக்கு அவர் அயல்நாட்டுச் சொல் தேடவில்லை.

இத்தகைய கவிஞரைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. பெண்ணின் நடையுடை பற்றி அவர் எழுதிய சில பாடல்களில் பழைய கட்டுப்பாடே புதிய மெட்டில் ஒலிக்கிறது. சாதியைக் கேள்வி கேட்ட துணிவு அங்கே சற்றுத் தயங்கி நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. உடுக்கையும் தம்பட்டமும் வளர்த்த மெட்டுகள் ஒலித்தட்டேறி ஊரெல்லாம் உலா வந்தன; அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கலைஞர்களோ நெடுங்காலம் ஊரின் எல்லைக்கப்பாலேயே நிறுத்தப்பட்டனர். இது தனியொரு கவிஞரின் பிழையன்று. தமிழ்த் திரையிசை முழுமையின் மீதும் நிற்கும் கடன். கிந்தனாரை எழுதியவரின் நினைவு நாளில் அக்கடனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே.

அவர்க்கு நேர்ந்த குறையும் ஒன்று உண்டு. அவர் எழுதிய பல பாடல்களை மக்கள் கலைவாணர் பாட்டு என்றே அழைத்தனர். பாடியவர் முகம் திரையில் தெரிந்தது. எழுதியவர் பெயர் பட்டியலில் ஓடி மறைந்தது. புலவர் உலகமோ திரைப்பாட்டை இலக்கியமாக ஏற்கத் தயங்கியது. கவிராயர் இதற்காக வழக்காடியதாகத் தெரியவில்லை. உடுக்கடித்துக் கதை பாடிய முன்னோர்க்கும் பெயரில்லை அன்றோ! அவர் வெட்டிய வாய்க்காலில் பின்னர் அ. மருதகாசி வந்தார், உழைக்கும் மக்களின் குரலாகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வந்தார். திரைப்பாட்டு மக்களோடு பேச வேண்டும் என்ற நிலை நாட்டப்பட்டுவிட்டது.

1981-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் கவிராயர் மறைந்தார். சிங்காநல்லூர் கோவை மாநகராட்சியோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். உடுமலைப்பேட்டையில் அவருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. இந்திய அரசு 2008-இல் அஞ்சல்தலை வெளியிட்டது. சிங்காநல்லூரில் படக்கூடத்தின் ஒளிவிளக்குகள் அணைந்து நெடுநாளாயின. எனினும் கொங்கு நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை ஒன்று பெட்டியோடு வண்டியேறும் ஒவ்வொரு காலையிலும் கிந்தனின் பயணம் தொடர்கிறது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர் அந்தப் பயணத்துக்குப் பாட்டெழுதினார் என்பதே அவர்க்கு நிலைத்த புகழ்.