மண்ணின் பலம் கண்ட கூலும்



சாயில் மெக்கானிக்ஸ் பரீட்சைக்கு 'சி', 'ஃபை' என்று இரண்டு எழுத்தை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிடுகிறோம். அதன் பின்னால் ஒரு மனிதரின் எட்டு வருட சைட் வாழ்க்கை இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சார்ல்ஸ் அகஸ்டின் டி கூலும் 1736-ல் பிரான்சில் அங்குலேம் நகரில் பிறந்தார். ராணுவப் பொறியியல் படித்து 1761-ல் வெளியே வந்தார். 1764-ல் அவரைக் கடல் கடந்து மார்த்தினிக் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே கோட்டை கட்டும் பொறுப்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. வெயிலும் காய்ச்சலும் அவரைப் பலமுறை படுக்கையில் தள்ளின. 1772-ல் ஊர் திரும்பும்போது உடம்பு கெட்டுப்போயிருந்தது. ஆனால் மனசு நிறைய மண் இருந்தது!

மண்ணைத் தாங்கும் சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்? 1773-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதற்கு விடை சொன்னார். மண் சறுக்காமல் நிற்க இரண்டு காரணம். ஒன்று ஒட்டும் தன்மை, அதுதான் 'சி'. இன்னொன்று உராய்வு, மேலே அழுத்தம் கூடக்கூட அதுவும் கூடும். அதன் கோணம்தான் 'ஃபை'. மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும் என்பதை 1920-களில் டெர்சாகி சேர்த்தார்.

1783-ல் பிரிட்டனி பகுதியில் ஒரு கால்வாய்த் திட்டத்தைப் பார்வையிட அனுப்பப்பட்டார். இது பிரயோஜனப்படாது என்று உள்ளதைச் சொன்னார். பரிசாகக் கிடைத்தது சில நாள் சிறை! ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

1784-ல் இன்னொரு விதி சொன்னார். கம்பியை முறுக்கினால், முறுக்கும் விசைக்குத் தகுந்தபடி கோணம் கூடும். நம்ம லேபில் இருக்கும் வேன் ஷியர் கருவியின் ஸ்பிரிங் இந்த விதிப்படிதான் வேலை செய்கிறது. சைட்டில், போர் குழியின் அடியில் களிமண்ணுக்குள் நாலு இறகுள்ள வேனை இறக்கி மெதுவாகத் திருப்புவார்கள். மண் அறுபடும்போது உள்ள டார்க்கை வைத்து அதன் பலத்தைக் கணக்கிடுவார்கள். மண்ணை வெட்டி எடுத்துக் கலைக்க வேண்டியதில்லை.

1806-ல் கூலும் மறைந்தார். மின்சாரத்தின் அளவை அவர் பெயரால் உலகமே சொல்கிறது. நமக்கோ அவர் சைட் இன்ஜினியர், நம்ம ஜாதி!

தோழர்களே, நாளைக்கு நாமும் டயலைப் பார்த்து ரீடிங் எழுதப்போகிறவர்கள். யாராவது கூட்டி எழுதச் சொன்னால் கூலுமை நினைத்துக்கொள்வோம். அந்த ஒரு எண்ணை நம்பித்தான் மேலே ஒரு குடும்பம் தூங்கும்!