ஒழுங்கைகளின் கதைசொல்லி ஸஆதத் ஹஸன் மண்டோ

உருதுச் சிறுகதை என்றதும் நினைவுக்கு வரும் முதற் பெயர்களுள் ஒன்று ஸஆதத் ஹஸன் மண்டோ. அவர் வாழ்ந்த காலத்தில் அவரது கதைகளைச் சமூகத்துக்கு அவமானம் என்று கருதியவர்கள் பலர். இன்று அவை தமிழ் உட்படப் பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றன. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை அறிய அவரது வாழ்க்கையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1912 மே 11 ஆம் திகதி பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில், காஷ்மீரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பமொன்றில் மண்டோ பிறந்தார். நீதித்துறையில் பணியாற்றிய தந்தை மிகவும் கண்டிப்பானவர். மூத்த தாரத்தின் பிள்ளைகள் வெளிநாடு சென்று சட்டம் கற்றுத் திரும்பினர். இளைய தாரத்தின் மகனான மண்டோவோ பாடசாலை இறுதிப் பரீட்சையிலேயே சித்தியடையாமல் தடுமாறினார். கோட்டைவிட்ட பாடங்களில் உருதுவும் ஒன்று!

அவரை எழுத்தின் பக்கம் திருப்பியவர் அமிர்தசரஸில் பத்திரிகையாளராக இருந்த அப்துல் பாரி. அவரது தூண்டுதலால் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் நூலொன்றை மண்டோ உருதுவில் பெயர்த்தார். முதற் சிறுகதையான ‘தமாஷா’ 1919 ஆம் ஆண்டின் ஜாலியன்வாலாபாக் படுகொலை நாட்களை ஒரு சிறுவனின் கண்களால் பார்த்தது. அந்தப் படுகொலை நடந்தபோது மண்டோவுக்கு ஏழு வயது கூட நிரம்பியிருக்கவில்லை.

1936 இல் சினிமா வார இதழொன்றின் ஆசிரியராகப் பம்பாய் வந்தார். சினிமாவுக்குக் கதை வசனமும் எழுதினார். இடையில் 1941 முதல் சுமார் ஒன்றரை வருடம் டில்லி வானொலியில் நாடகங்கள் எழுதிவிட்டு மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார். பைகுல்லா, நாக்பாடா, பாரஸ் ரோட் என்று தொழிலாளர்களும் வறியவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஒழுங்கைகளே அவருக்குக் கதைகளைக் கொடுத்தன. குதிரை வண்டிக்காரர்கள், சண்டியர்கள், தரகர்கள், உடலை விற்று வயிறு கழுவிய பெண்கள் ஆகியோரே அவரது மாந்தர்கள்.

பம்பாயின் அரபு ஒழுங்கையில் நடக்கும் ‘மம்மத் பாய்’ கதையை எடுத்துக்கொள்வோம். அந்தப் பகுதியே கண்டு நடுங்கும் சண்டியன் மம்மத் பாய். ஆனால் தனியறையில் காய்ச்சலில் கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவனுக்கு வைத்தியரை அழைத்து வருபவனும் அவன்தான். பின்னர் ஒரு கொலை வழக்கில் சிக்கும் அவன், நீதிமன்றத்தில் நல்லவனாகத் தோன்றுவதற்காகத் தன் பெரிய மீசையை மழித்துவிடுகிறான். ஆனாலும் ஊரைவிட்டு வெளியேறுமாறு கட்டளை வருகிறது. ஊரை இழந்ததைவிட மீசையை இழந்ததற்கே அவன் கலங்குகிறான். சண்டித்தனத்தை நியாயப்படுத்தாமலேயே அந்த மனிதனை எம் மனதில் நிறுத்திவிடுகிறார் மண்டோ.

‘காலி ஷல்வார்’ கதையின் சுல்தானா பாலியல் தொழிலாளி. முஹர்ரம் மாதத்தில் அணிய ஒரு கறுப்பு ஷல்வார் வேண்டும் என்பதே அவளது ஆசை. இந்தக் கதைக்காக மண்டோ நீதிமன்றம் ஏறினார். ஆபாசம் என்ற குற்றச்சாட்டில் பிரிவினைக்கு முன் மூன்று, பின்னர் பாகிஸ்தானில் மூன்று என ஆறு கதைகள் வழக்குக்குள்ளாகின. முற்போக்கு எழுத்தாளர்களும் ஒரு கட்டத்தில் அவரை ஒதுக்கினர்.

1948 ஜனவரியில் குடும்பத்துடன் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். மண்டோவின் உண்மையான துணிச்சல் வெளிப்பட்டது அதன் பின்னர்தான். பிரிவினைக் கலவரங்களில் எல்லாத் தரப்பினரும் மற்றவர் செய்த கொடுமைகளையே எழுதிக்கொண்டிருந்தனர். ‘கோல் தோ’ கதையில், காணாமற்போன மகள் ஸகீனாவைத் தேடுகிறார் அகதியான சிராஜுத்தீன். மீட்டுத் தருவதாக வாக்களித்த தொண்டர் இளைஞர்கள் அவளைக் கண்டுபிடிக்கவும் செய்கிறார்கள். அவளைச் சீரழித்தவர்களும் அவர்களேதான். அவர்கள் அவளது சொந்தச் சமூகத்தினர். இந்தக் கதையை வெளியிட்ட சஞ்சிகை ஆறு மாதங்கள் தடை செய்யப்பட்டது.

வறுமையும் மதுவும் அவரது இறுதி வருடங்களைத் தின்றன. மார்க்கம் ஹராமாக்கிய அந்தப் பழக்கத்தை எவரும் நியாயப்படுத்தத் தேவையில்லை. அதன் விலையை மனைவி ஸஃபியாவும் மூன்று பெண் பிள்ளைகளும் சேர்ந்தே செலுத்தினர். 1955 ஜனவரி 18 ஆம் திகதி, ஈரல் நோயினால் 42 வயதிலேயே அவர் வபாத்தானார். லாகூர் மியானி ஸாஹிப் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரை நீதிமன்றத்துக்கு இழுத்த அதே நாடு, நூற்றாண்டு நினைவாக 2012 ஆகஸ்ட்டில் அவருக்கு நிஷானே இம்தியாஸ் என்ற உயர் விருதை அறிவித்தது. அதே வருடம் ஏப்ரலில்தான் எமது மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அந்தக் காயத்தைப் பற்றி நாம் பேசினோம், எழுதினோம். அது எமது உரிமை, கடமையும்கூட. மண்டோவின் வாழ்க்கை எம்மிடம் கேட்பது அடுத்த கேள்வியை: எமது ஒழுங்கைகளுக்குள் நாமே ஒருவருக்கொருவர் இழைக்கும் அநீதியை யார் எழுதுவது?

சீதனம் சேராததால் வீட்டில் காத்திருக்கும் குமர், பிள்ளைகளை விட்டு மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக உழைக்கும் தாய், போதையில் சிக்கிய மகனை அயலவருக்கு மறைக்கும் தந்தை ஆகியோர் இல்லாத ஊர் எது? இவர்களைப் பற்றி எழுதினால் சமூகத்தின் மானம் போய்விடும் என்பதே வழமையான பதில். மண்டோவுக்கும் அதுவே சொல்லப்பட்டது. மறைப்பதால் அந்தக் குமரின் கண்ணீர் காய்வதில்லை. அந்தத் தாய் ஊர் திரும்புவதுமில்லை. சொந்தங்களுக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது. கதை எழுதும் எமது இளைஞர்கள் அந்தச் சாட்சியத்தைத் தம் ஊர் ஒழுங்கையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அவர்கள் எழுதும்போது வாயை மூடச் சொல்லாதிருப்பது பெரியவர்களாகிய எமது பொறுப்பு.