கப்பலோட்டிய தமிழரும் கப்பல் அறைகளும்

கடலைக் காணாத ஊர் நம் திண்டுக்கல். மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்றாலும் கண்ணுக்கு எட்டுவன வயலும் தோட்டமும் சிறுமலையுமே. ஆயினும் கப்பலோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாரோடு தோளோடு தோள் நின்ற சுப்பிரமணிய சிவா, 1884ஆம் ஆண்டில் நம் வத்தலக்குண்டில் பிறந்தவர் அன்றோ!

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியவை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்களே. இலங்கைக்குப் போகும் தொழிலாளியும் வணிகரும் அக்கம்பெனி கேட்ட கட்டணத்தைத் தந்தாக வேண்டும். இதை மாற்ற 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார் வ.உ.சி. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அக்கப்பல்களின் அமைப்பைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேருக்கும், இரண்டாம் வகுப்பில் 24 பேருக்கும் இடம் இருந்தது. சாதாரணப் பயணிகளுக்கோ 1,300 இடங்கள்! கதவடைத்த அறை சிலருக்கே. பலருக்குத் தளமே படுக்கை, மூட்டையே தலையணை. அந்த ஏழைப் பயணிகளை நம்பியே சுதேசிக் கப்பல் ஓடியது.

போட்டி மூண்டது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது. பின்னர் ஆங்கிலக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுத்தது! அத்தோடு ஆட்சியாளரின் அடக்குமுறையும் சேர்ந்தது. 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் சிறைப்பட்டனர். வ.உ.சி.க்கு விதிக்கப்பட்டவை இரண்டு ஆயுள் தண்டனைகள். மேல்முறையீட்டில்தான் அவை குறைந்தன. ஆயிரக்கணக்கானோருக்குக் கப்பலில் இடம் தேடித் தந்தவர், கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தார்.

1912 இறுதியில் அவர் விடுதலையானபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. கப்பல்கள் கைவிட்டுப் போயிருந்தன. வக்கீல் சன்னதும் பறிபோய்விட்டதால் சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். பின்னாளில் நீதிபதி வாலஸ் சன்னதை மீட்டுத் தந்தார். அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் அப்பெருமகனார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது. சிறையில் தொழுநோய் பற்றிய சிவாவுக்கோ ரயிலேறவும் தடை. கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பேசிய அவர், 1925இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார்.

கடற்பயணமும் பின்னர் மாறியது. அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1926இல் கட்டிய ரஜூலா கப்பல், தளப் பயணிகள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றவல்லது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழரைச் சுமந்தது அது. 1970களில் அதன் இடத்துக்கு எம்.வி.சிதம்பரம் வந்தது. விமானம் பெருகவே அப்பயணமும் ஓய்ந்தது. 2022இல் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டது. சன்னலற்ற உள்ளறை, கடல் தெரியும் அறை, மாடத்தோடு கூடிய அறை என இத்தகைய கப்பல்களில் பணத்துக்கேற்பப் பல தரங்கள். நீச்சல் குளமும் ஆடல் பாடலும் உண்டு. தளத்தில் துண்டை விரித்துப் படுப்போர்தாம் இல்லை! அன்று ஊர் போய்ச் சேரக் கப்பல் ஏறினார்கள். இன்று கப்பலில் இருப்பதற்காகவே ஏறுகிறார்கள்.

எல்லோருக்கும் அறை கிடைத்தது முன்னேற்றமே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரை ரூபாயில் கடல் கடந்த ஏழைக்கு அங்கே இடம் உண்டா? 2023இல் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியபோது வ.உ.சி.யின் கனவு சற்றே கண்விழித்தது எனலாம். நாளை கப்பல் கட்டுவோராகவும் திட்டம் தீட்டுவோராகவும் வரவிருக்கும் மாணவ நண்பர்களே, அந்த 1,300 இடங்களை மறவாதிருப்போம். செக்கிழுத்த செம்மலுக்கும் வத்தலக்குண்டு வீரருக்கும் நாம் செலுத்தும் நன்றி அதுவே!