இப்னு கல்தூன் கண்ட கற்பித்தல் நெறி

வரலாற்றுப் பேரறிஞர் என்றும், சமூகவியலின் முன்னோடி என்றும் உலகம் போற்றும் இப்னு கல்தூன் அவர்களின் பெயர் நம் மாணவர்களுக்குப் புதிதன்று. அரசுகள் எழுவதும் வீழ்வதும் எதனால் என்று ஆராய்ந்தவர் என்ற ஒரு வரியோடு பாடநூல்கள் அவரைக் கடந்து விடும். நாமும் அவ்வாறே கடந்து விடுகிறோம். அவர் வாழ்நாளின் பல காலங்களில் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியர். கற்பவன் உள்ளத்தில் கல்வி எவ்வாறு இறங்குகிறது, எவ்வாறு இறங்காமல் போகிறது என்பதைக் கூர்ந்து நோக்கி எழுதியவர். இம்மலரில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கொள்கிறோம்.

ஹிஜ்ரி 732 ரமளான் முதல் நாள், அதாவது 1332 மே 27இல், துனிஸ் நகரில் அவர் பிறந்தார். முன்னோர் ஸ்பெயின் நாட்டு இஷ்பீலியா நகரில் (இன்றைய செவில்) செல்வாக்கோடு வாழ்ந்த குடியினர். அந்நகர் கிறித்தவ அரசின் கைக்குச் செல்லும் முன் அவர்கள் கடல் கடந்து துனிஸில் குடியேறினர். பாட்டனார் அரசியலில் திளைத்தவர். தந்தையாரோ அரசியலை விட்டொதுங்கிக் கல்வியை நாடியவர். ஆகவே பிள்ளையின் கல்வி வீட்டிலேயே கவனமாகத் தொடங்கிற்று. ஏழு ஓதல் முறைகளிலும் திருக்குர்ஆனை 21 முறை ஆசிரியர் முன்னிலையில் ஓதி முடித்து, பின்னர் அவை அனைத்தையும் இணைத்து ஒரு முறை ஓதினார். பிறகு மொழியும் சட்டமும். இப்னு மாலிக்கின் இலக்கண நூலையும், இப்னுல் ஹாஜிபின் மாலிக்கி சட்டச் சுருக்கத்தையும் படித்தார். இவ்விரண்டையும் மனப்பாடமாக முடிக்கவில்லை என்று தம் வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இச்செய்தியை மாணவர்கள் நினைவில் இருத்திக் கொள்ள வேண்டும்; பின்னர் தேவைப்படும்.

1347இல் மொராக்கோ சுல்தான் அபுல் ஹசன் துனிஸைக் கைப்பற்றினார். படையோடு அறிஞர் கூட்டம் ஒன்றையும் அவர் அழைத்து வந்திருந்தார். பதினைந்து வயது மாணவருக்கு இது வாராது வந்த வாய்ப்பு. ஒருவரை விட்டு ஒருவரிடம் ஓடி ஓடிக் கேட்டார். ஆனால் அடுத்த ஆண்டே பெருங்கொள்ளை நோய் வந்தது. கிழக்கிலும் மேற்கிலும் நகரங்களைச் சூறையாடிய அந்நோய் அவர் பெற்றோரைக் கொண்டு போயிற்று; ஆசிரியர் பலரையும் கொண்டு போயிற்று. எஞ்சிய அறிஞர்களுள் பலர் சுல்தானோடு தாயகம் திரும்பிய கப்பல்கள் உடைந்து கடலில் மாண்டனர். பதினேழு வயதில் கையில் பாதிப் பாடத்தோடு நின்றார் இப்னு கல்தூன்.

அப்போது அவருக்குக் கிட்டியவர் அல்ஆபிலி. திலிம்சான் நகரத்தவர், கணிதத்திலும் தருக்கத்திலும் மெய்யியலிலும் வல்லவர். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவரோடிருந்து கற்றார். நூல்கள் பெருகியதும் மத்ரஸாக்கள் பெருகியதுமே கல்வியைக் கெடுத்தன என்று கூறத் துணிந்த மனிதர் அல்ஆபிலி. நூல்கள் மலிந்ததால் மாணவர் ஆசிரியரைத் தேடிப் பயணம் போவதை விட்டனர்; மத்ரஸாவில் ஊதியம் கிடைத்ததால் கற்றவர் அரசருக்கு அடங்கினர் என்பது அவர் கருத்து. கல்லூரி ஒன்றில் ஊதியம் பெற்று வாழும் நமக்கு இது சற்றே உறுத்தத்தான் செய்கிறது!

இந்த ஆசிரியரிடம் படித்த காலத்தில், 1351இல், தம் பத்தொன்பதாம் வயதில் இப்னு கல்தூன் முதல் நூலை எழுதினார். அது என்ன நூல்? இமாம் ராஸியின் இறையியல் நூலொன்றின் சுருக்கம்! சுருக்க நூல்களைப் பிற்காலத்தில் இவரைப் போல் கண்டித்தவர் அரியர். அவரே இளமையில் ஒரு சுருக்கம் எழுதித்தான் தொடங்கினார்.

அதன் பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகளின் அரசியலை விரிப்பதற்கு இது இடமன்று. ஃபெஸ் நகர அவையில் செயலாளர், சூழ்ச்சியில் தொடர்புண்டு என்ற ஐயத்தால் ஏறத்தாழ 21 மாதச் சிறை, பின் கிரனடா, 1364இல் அங்கிருந்து இஷ்பீலியாவுக்குத் தூது. காஸ்டில் மன்னர் பேத்ரோ, தம்மிடம் தங்கினால் முன்னோரின் சொத்தைத் திருப்பித் தருவதாகக் கூறியும் அவர் இசையவில்லை. மறு ஆண்டு பிஜாயா நகரில் முதலமைச்சர் பதவி. காலையில் அரசு அலுவல்களை முடித்து விட்டு, கோட்டைப் பள்ளிவாசலுக்குச் சென்று மாணவர்க்குப் பாடம் நடத்தினார். ஆட்சி கவிழ்ந்தது, பதவியும் போயிற்று. பாடம் சொல்வதை மட்டும் அவர் எந்த ஊரிலும் கைவிட்டாரில்லை.

1375இல் அரசியல் கசந்து, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் குடும்பத்தோடு ஒதுங்கினார். பெருநகரம் இல்லை, நூலகம் இல்லை. 1377இல் ஐந்தே மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவை அங்கேதான் எழுதி முடித்தார். அதன் ஆறாம் பகுதி முழுவதும் கல்வியைப் பற்றியது. நாற்பத்தைந்து வயதில் தம் மாணவப் பருவத்தை அவர் திரும்பிப் பார்த்ததன் விளைவு அது என்றே நாம் கருதுகிறோம்.

கல்வி என்பது செய்தி அறிவதன்று, அது கைவந்த திறன் என்பது அவர் அடிப்படை. இத்திறனுக்கு அவர் வைத்த பெயர் மலகா. தையற்காரனுக்கு ஊசி எப்படியோ அப்படி ஒருவனுக்குத் தன் துறை பழக்கத்தில் ஊற வேண்டும். அதற்கு ஒரே பாடத்தை மூன்று முறை சொல்ல வேண்டும் என்றார். முதல் முறையில் ஒவ்வோர் இயலின் தலையாய கருத்துகளை மட்டும் மாணவன் தாங்குமளவு எளிமையாகச் சொல்லுதல். இரண்டாம் முறையில் சற்று உயர்த்தி, விளக்கங்களோடும் அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடுகளோடும் சொல்லுதல். மூன்றாம் முறையில் இருண்ட இடம் ஒன்றும் எஞ்சாமல் அனைத்தையும் திறந்து காட்டுதல். கூரிய அறிவுடையோர்க்கு இதற்குக் குறைவாகவே போதும் என்ற விதிவிலக்கும் உண்டு.

தமிழ் மாணவர்க்கு இங்கே நன்னூல் நினைவு வரும். அதுவும் முக்கால் கேட்பதைப் பேசுகிறது. ஆனால் பவணந்தியார் மும்முறை கேட்கும் மாணவனைக் கருதினார். இப்னு கல்தூன் ஒவ்வொரு முறையும் தம் பாடத்தை மாற்றிக் கொள்ளும் ஆசிரியரைக் கருதினார். பொறுப்பு யார் மீது விழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

அவர் காலத்து ஆசிரியர் பலர் இதற்கு நேர்மாறாக நடந்தனர். முதல் நாளே கடினமான சிக்கல்களை மாணவன் முன் வைத்து, அவிழ் என்றனர். அதுவே பயிற்சி என்று நம்பினர். மாணவன் மனம் சோர்கிறது. சோர்வுக்குக் காரணம் கற்பித்த முறை என்று அவன் அறியான். பாடமே கடினம் என்று முடிவு கட்டி ஓடி விடுகிறான். இலக்கணம் என்றாலே ஓடும் நம் மாணவர்களை எண்ணிப் பார்க்கிறோம்.

சுருக்க நூல்களுக்கு வருவோம். பல பக்கப் பொருளைச் சில சொற்களில் அடைத்து, மனப்பாடத்துக்கு எளிது என்று தருவது கல்விக்குக் கேடு என்றார். தொடக்க நிலை மாணவனுக்கு முடிந்த முடிபை ஊட்டுவது ஒரு கேடு. அந்தச் செறிந்த சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பதிலேயே அவன் காலம் கழிவது மற்றொன்று. விரிவான நூல்களில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருவதால் திறன் ஊறுகிறது. சுருக்கத்தில் அதற்கு இடமேயில்லை. இக்குறைக்குச் சான்றாக அவர் பெயர் குறிப்பிடுவோர் யாவர்? சட்டத்தில் இப்னுல் ஹாஜிப், இலக்கணத்தில் இப்னு மாலிக். சிறுவயதில் அவர் மனப்பாடம் செய்து முடிக்காமல் விட்ட அதே ஆசிரியர்கள்! முடிக்காமல் விட்டவன் குறை சொல்கிறான் என்று எவரேனும் நகைத்தால் நகைக்கலாம். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. எங்கே இடறினோம் என்பதை மறவாதவரே பிறர்க்கு வழி காட்ட முடியும். தேர்வுக்கு முந்திய வாரம் நோட்ஸ் வாங்கக் கடைக்கு ஓடும் மாணவரும், அவ்வாறு ஓடும்படி வினாத்தாள் அமைக்கும் நம் போன்றோரும் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

மனப்பாடத்தைப் பற்றி அவர் தரும் ஓர் ஒப்பீடு வியப்பானது. அக்கால மொராக்கோவில் மத்ரஸா மாணவர்க்கு 16 ஆண்டுகள் குறிக்கப்பட்டிருந்தன. துனிஸில் ஐந்தே ஆண்டுகள். காரணம் என்ன? மொராக்கோ மாணவர் வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்து மனப்பாடம் ஒன்றிலேயே கருத்தாய் இருந்தனர். பல்லாண்டு படித்தும் சொல்லாட வந்தால் திறன் வெளிப்படவில்லை. நினைவில் பிறரை விடக் கூடுதலாக வைத்திருந்தும் இந்நிலை. அறிவுத்துறைகளில் வாய் திறந்து உரையாடுவதும் வாதிடுவதுமே திறன் பெற எளிய வழி என்றார் அவர்.

குழந்தைக்கு முதலில் எதைக் கற்பிப்பது என்பது அடுத்த வினா. சமுதாயப் பெரியவர்கள் இதனைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். மொராக்கோவில் பிள்ளைக்குக் குர்ஆனும் அதன் எழுத்து முறையும் மட்டுமே. அது முடியும் வரை வேறொன்றும் கலவாது. அந்தலுசில், அதாவது முஸ்லிம் ஸ்பெயினில், குர்ஆனை அடிப்படையாக வைத்துக் கவிதையும் உரைநடையும் இலக்கணமும் கையெழுத்தும் சேர்த்துக் கற்பித்தனர். துனிஸ் பகுதியில் குர்ஆனோடு ஹதீஸும் சில கலைகளும். கிழக்கு நாடுகளிலும் கலப்பு முறையே. மறைமொழியைப் போல் இயற்ற மனிதரால் ஆகாது; ஆகவே அதனை மட்டும் ஓதிய பிள்ளைக்குத் தானே எழுதும் மொழித்திறன் வாய்ப்பதில்லை என்றும், அந்தலுசியர் மொழியில் சிறந்ததற்கு அவர்தம் கலப்பு முறையே காரணம் என்றும் கண்டார்.

இஷ்பீலியாவின் காழியாக இருந்த அபூபக்ர் இப்னுல் அரபி, இவருக்கு இரு நூற்றாண்டு முன்பே வேறொரு திட்டம் கூறியிருந்தார். முதலில் மொழியும் கவிதையும், அடுத்துக் கணக்கு, அதன் பின் குர்ஆன். அப்போது பொருளறிந்து ஓதுவான் என்பது அவர் கருத்து. இப்னு கல்தூன் அதை நல்ல திட்டம் என்றே பாராட்டினார். ஆயினும் நடைமுறை இடம் தராது என்றார். பிள்ளை பெற்றோர் சொல்லுக்கு அடங்கும் பருவத்தில் ஓதாவிட்டால், வாலிபம் வந்து கைமீறிய பின் எங்கே ஓதப் போகிறான்? தொடர்ந்து படிப்பான் என்ற உறுதி இருக்குமானால் காழியின் முறையே சிறந்தது என்று எழுதினார். பள்ளிக்கூட நேரத்துக்கும் மக்தப் நேரத்துக்கும் இடையே பிள்ளையை இழுத்துக் கொண்டு ஓடும் நம் தாய்மார்களுக்கு இந்த இக்கட்டு விளங்கும். அவரும் அதைத் தீர்த்து வைக்கவில்லை. இரு பக்கத்தையும் மறைக்காமல் எடுத்து வைத்தார்.

அடியைப் பற்றி மட்டும் அவரிடம் தயக்கமே இல்லை. கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகிறது. சுறுசுறுப்பு போய்ச் சோம்பல் வருகிறது. கைக்கு அஞ்சி உள்ளத்தில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக நடக்கக் கற்கிறான். பொய்யும் சூதும் அவனுக்கு வழக்கமாகின்றன. பின்னர் அதுவே குணமாகி விடுகிறது. கொடுங்கோலின் கீழ் வாழும் சமுதாயத்துக்கும் இதுவே நேர்கிறது என்று வகுப்பறையிலிருந்து நாட்டுக்குத் தாவுகிறார். தண்டிக்கத்தான் வேண்டுமெனில் மூன்றடிக்கு மேல் கூடாது என்ற முன்னோர் கருத்தையும், தம் மகனின் ஆசிரியரிடம் முதலில் கனிவு, அது பலியாத போதே கண்டிப்பு என்று கலீபா ஹாரூன் ரஷீத் பணித்ததையும் எடுத்துக் காட்டுகிறார். அண்ணன் தம்பி உதவியை விட அடியின் உதவி பெரிது என்று பழமொழி சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை நம்முடையது. அந்தக் கையால் படித்தவர்கள் நம்மில் பலர். படித்தோம் என்பது மெய். படிக்காமல் ஓடிப் போனவர்கள் மலருக்குக் கட்டுரை எழுத வரவில்லை என்பதும் மெய்.

1378இல் துனிஸ் திரும்பி அவர் பாடம் நடத்தினார். மாணவர் திரண்டனர், அதுவே ஊரின் பெரிய அறிஞர் ஒருவரின் பகையைத் தேடித் தந்தது. 1382இல் எகிப்துக்குக் கப்பலேறினார். கெய்ரோவில் கால் வைத்ததும் மாணவர் சூழ்ந்து கொள்ள, அல்அஸ்ஹரில் பாடம் தொடங்கினார். 1384இல் சுல்தான் பர்கூக் அவரைக் கம்ஹிய்யா மத்ரஸாவின் ஆசிரியராக்கினார். சுல்தான் ஸலாஹுத்தீன் நிறுவிய கல்விக் கூடம் அது. பைய்யூம் பகுதி வக்பு நிலத்துக் கோதுமை அதற்கு வருவாய். ஆகவே கோதுமையின் பெயரே அதற்குப் பெயராயிற்று. கெய்ரோவில் கல்வி செழித்ததற்கு இத்தகைய வக்புகளே காரணம் என்று இப்னு கல்தூன் எழுதினார். பிற்காலத்தில் அரசர் பறித்து விடுவாரோ என்ற அச்சத்தில், தம் மக்களுக்கும் ஒரு பங்கு வைத்தே துருக்கிய அமீர்கள் வக்பு செய்தனர் என்பதையும் உடன் எழுதினார். புகழ்ச்சியிலும் கண்ணை மூடிக் கொள்ளாதவர்!

அதே ஆண்டில் மாலிக்கி தலைமைக் காழிப் பதவி வந்தது. அதே ஆண்டில் துனிஸிலிருந்து அவரிடம் வந்து கொண்டிருந்த குடும்பம் கப்பல் உடைந்து கடலில் மாண்டது. மறு ஆண்டு பதவி போயிற்று. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பினார். 1389இல் மற்றொரு மத்ரஸாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவைப் பாடம் சொல்லிக் கொண்டிருந்தார். எகிப்தின் பெரும் வரலாற்றாசிரியரான மக்ரீஸீ அவரிடம் கேட்டவர். ஹதீஸ் மேதை இப்னு ஹஜர் அஸ்கலானியும் கேட்டவரே. அவர் தம் ஆசிரியரைப் பற்றிக் குறைகளும் எழுதினார். வாய் திறந்து வாதிடுக என்று கற்பித்தவர்க்கு இது பொருத்தமே.

1401இல் திமிஷ்க் நகர மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிச் சென்று தைமூரைக் கண்டு உரையாடியது தனிக் கதை. 1406 மார்ச் 17இல், பிறந்த அதே ரமளான் மாதத்தில், கெய்ரோவில் இறந்தார். பாபுந் நஸ்ர் வாயிலுக்கு வெளியே சூஃபியரின் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். இன்று அந்தக் கப்று எது என்று காட்டுவாரில்லை.

இறப்பதற்குப் பத்தாண்டு முன், 1396இல், தம் வரலாற்று நூலின் பிரதியொன்றை ஃபெஸ் நகரத்துக் கரவிய்யீன் பள்ளிவாசல் நூலகத்துக்கு அவர் வக்பு செய்தனுப்பினார். அதனோடு நிபந்தனையும் எழுதினார். நம்பிக்கைக்குரியவர்க்கே நூலைத் தர வேண்டும். தக்க பிணைப் பொருள் பெற்றுக் கொள்ள வேண்டும். இரண்டு மாதங்களுக்கு மேல் யாரிடமும் இருத்தலாகாது. ஒருவர் அதைப் படிக்கவோ, படியெடுத்துக் கொள்ளவோ அவ்வளவு காலம் போதும் என்று அவர் கணக்கிட்டிருந்தார்.